எக்ஸ்பயர் எனக்கு வந்த வாரம்

என்னோடு ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் கையிலாவது இது கிடைத்தால், ‘வால் பாடம்’ என்றதுமே சிரித்துவிடுவீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு எழுபது நெருங்குகிறது. இன்னமும் அந்தப் பவுடர் டப்பாவுக்குள் கையை விடுகிற மாதிரி கனவு வந்தால் வேர்த்துத்தான் எழுந்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் ரேஷன் அரிசிக்கு நாமெல்லாம் பையைப் போட்டு இடம் பிடித்த காலம். அந்த வருஷம்தான் இங்கிலீஷ் டீச்சர் நம் பள்ளிக்கு வந்தார். தேவகோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், தினமும் பஸ்ஸில் வந்து போவார். சாக்பீஸைக் காகிதத்தில் சுற்றித்தான் பிடிப்பார். ‘ராமன் நல்ல பையன்’, ‘சீதை நல்ல பெண்’ என்று நாம் எழுதிய இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அவராகவே ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் போர்டின் வலது ஓரத்தில் நாலைந்து எழுத்துகள் எழுதுவார். அதுதான் வால். அதற்கு இடது பக்கம் வேறு வேறு தலைகளை ஒட்டிக்கொண்டே வருவார். வால் மாறாது. தலை மாற மாற அர்த்தம் மாறும். ஐ, ஜி, எச், டி என்று வால் போட்ட வாரம், லைட், நைட், ரைட், ஃபைட், டைட் என்று வெளிச்சமும் இருட்டும் சண்டையும் ஒரே கயிற்றில் கட்டிய ஆடுகள் மாதிரி வந்து நின்றதைப் பார்த்து நாம் கை தட்டினோம்.

வாரத்துக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு ஆறு பேர். ஆறு சொல்லையும் சீட்டில் எழுதிச் சுருட்டிப் பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்குவார். எடுத்த சொல்லை வைத்துத் திங்கட்கிழமைக்குள் ஒரு வாக்கியம் எழுதி, எழுந்து நின்று படிக்க வேண்டும். அதில் அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

“உங்க வீட்டு ஆளைப் பத்தித்தான் எழுதணும். ராமனையும் சீதையையும் விட்டுருங்க, பாவம்.”

எங்கள் பெஞ்சின் முறை வந்த வெள்ளிக்கிழமை, போர்டில் பி, ஐ, ஆர், இ என்ற வால் தொங்கியது. இன்ஸ்பயர் என்றால் ஊக்கம் கொடுப்பது. அஸ்பயர் என்றால் ஆசைப்படுவது. பெர்ஸ்பயர் வேர்ப்பது. ரெஸ்பயர் மூச்சு விடுவது. கன்ஸ்பயர் சதி செய்வது. அது கிடைத்த ஆச்சி வீட்டுப் பெண், “எங்க வீட்டுல இதுக்கு ஆள் பஞ்சமே இல்லை” என்றாள், வகுப்பே சிரித்தது. கடைசிச் சீட்டு என்னுடையது. பிரித்துக் காட்டினேன். எக்ஸ்பயர்.

“இறந்துபோறது. தந்தியில பாத்திருப்பீகளே” என்றார் டீச்சர், வேர்ப்பதைச் சொன்ன அதே குரலில்.

தந்திச் சேவகர் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்தால் நம் அம்மாக்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்த வாசலில் நிற்கிறது என்று பார்ப்பார்களே, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற ஐந்து பேரும் என்னைவிட்டு லேசாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இத்தனை பயந்திருக்காது. எங்கள் வீட்டில் சொல்லுக்குக் காவல் இருந்தது. காவல்காரி என் அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணமான மூன்றாம் வருஷமே தாலியை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். விளக்கை அணைக்கச் சொல்லக் கூடாது, குளிரவைக்கத்தான் சொல்ல வேண்டும். அரிசிப் பானை காலியானால் ‘நிறைஞ்சுபோச்சு’. வெளியே கிளம்பும்போது ‘போறேன்’ என்றால் திரும்ப உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ‘வாரேன்’ என்று சொல்லவைத்துத்தான் விடுவாள். செத்துப்போன தன் புருஷனைப் பற்றிப் பேசினால்கூட, “உங்க மாமா முந்திக்கிட்டாக” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சொன்னது பலிக்கும் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது. அவளுக்கே இல்லாத சந்தேகம் எனக்கு எங்கிருந்து வரும்?

அந்தச் சமயம் அம்மாவுக்கு எட்டாவது மாசம். எனக்குப் பின்னால் இரண்டு தங்கவில்லை. அதனால் வீட்டில் காவல் இரண்டு பங்கு. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த அப்பாகூடச் செருப்பைக் கழற்றும்போதே வாயையும் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படிப்பட்ட வீட்டுக்குள் நான் அந்தச் சொல்லைப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை முழுக்க நோட்டைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லை. எங்கள் வீட்டில் நாலே பேர். அப்பா கூடாது. அம்மாவை நினைக்கவே கூடாது. என்னைப் பற்றி எழுதிவிடலாமே என்றும் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனசு வரவில்லை. அன்றைக்குக் காலையில்தான் ‘விளக்கு அணைஞ்சுபோச்சு’ என்று நான் வாய் தவறிச் சொல்ல, அத்தை என் வாயிலேயே ஒன்று போட்டிருந்தாள். உதடு வீங்கியிருந்தது. பென்சிலை நக்கிக்கொண்டு எழுதினேன். மை ஆண்ட் வில் எக்ஸ்பயர். என் அத்தை இறந்துபோவாள்.

திங்கட்கிழமை எழுந்து நின்று படித்தேன். டீச்சர் சிவப்பு மையால் ஒரு டிக் போட்டு, “வெரி குட், எழுத்து இன்னும் குண்டா வரணும்” என்றார். அவ்வளவுதான். அவர் சொல்லைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். யாரை எழுதியிருக்கிறாள் என்று பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அத்தை இருமினாள்.

நம் ஊர்ப் புழுதிக்கு யார்தான் இருமாமல் இருக்கிறார்கள்? ஆனால் எனக்கு அந்த இருமல் நெஞ்சில் இடித்தது. புதன்கிழமை பள்ளிவிட்டு வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்வாசல் தூணோரம் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெள்ளைச் சேலை நெஞ்சுமேல் ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஏறியது, இறங்கியது, கொஞ்ச நேரம் நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. மறுபடி ஏறியது. கண் விழித்தவள், “என்னத்தா இப்படிப் பாக்குற? பேயடிச்ச கணக்கா?” என்றாள்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. டீச்சர் சொன்னாரே, தலையை மாற்றினால் அர்த்தம் மாறும் என்று. அதே வாலில் மூச்சு விடுகிற சொல்லும் இருக்கிறதே! நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். மை ஆண்ட் வில் ரெஸ்பயர். ஒரு தடவை எழுதினால் போதுமா என்று தெரியவில்லை. சாமிக்கு நூற்றெட்டுச் சுற்றுகிறோமே என்று நூற்றெட்டு எழுதினேன். நாலு பக்கம் ஆனது. அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அத்தை, “எம்புட்டு எழுதுது பாரு, கலெக்டருக்குப் படிக்குது” என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். வியாழக்கிழமை இருமல் நின்றுவிட்டது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. நாள் இருக்கிறதே என்று எல்லோரும் பதறினார்கள். வாசலில் குதிரை வண்டி நின்றது. அப்பாவும் பக்கத்து வீட்டு ரயில்வே கிளார்க்கின் மனைவியும் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். அத்தை விதவை என்று எதிரே வராமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அம்மாவின் முகம் மஞ்சளாக வெளுத்திருந்தது. என் கன்னத்தைத் தொட்டு, “வாரேன்த்தா” என்றாள். முறையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை நான் முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து, பக்கத்து வீட்டுக் கிளார்க்கிடமும் அத்தையிடமும் ஏதோ குசுகுசுத்தார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிளார்க் தன் வீட்டுக்குள் போய் ஒரு தாளில் எழுதிக்கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் பறந்தார்.

“அம்மா எப்படி அத்தை இருக்காக?” என்றேன்.

“தங்கச்சி பொறந்திருக்கு.”

“அம்மா?”

“அம்மா... அசந்து தூங்குதாம்.” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காசை ஒரு துணித்துண்டில் முடிந்து, தாளை மடித்துக் கையில் வைத்தாள். “தந்தியாபீசுல குடுத்துட்டு வந்துரு. திருச்சி மாமாவ வரச்சொல்லி எழுதியிருக்கு. நேரா போயி நேரா வா.”

அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். இங்கிலீஷில் எழுதியது இரும்புப் பெட்டிக்குள் பூட்டியது மாதிரி பத்திரம் என்று நினைத்துவிட்டாள். மூன்று நாளைக்கு முன்னால், கலெக்டருக்குப் படிக்கிறேன் என்று சொன்னதும் அவள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த நேரத்தில் அவளுக்கு ஏது நிதானம்?

தபால் ஆபீஸ் வாசலில்தான் பிரித்தேன். திருச்சியில் இருந்த அம்மாவின் அண்ணனுக்கு, கொட்டை எழுத்தில் நாலு சொல். சிஸ்டர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இம்மீடியட்லி.

அந்த வால் போர்டில் தொங்கிய மாதிரியே தொங்கியது. நான் அழவில்லை. பயம்தான் வந்தது. அத்தைக்கு எழுதியதை நூற்றெட்டுத் தடவை எழுதி விரட்டினேன் அல்லவா, விரட்டியது வெறுங்கையோடு போகாமல் அம்மாவிடம் போய்விட்டது. இப்படித்தான் எனக்குத் தோன்றியது. தந்தி இன்னும் போகவில்லை. யாருக்கும் தெரியாது. இப்போது மாற்றினால் அம்மாவும் இருமல் நின்ற மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

உள்ளே சாய்வு மேஜையில் சணல் கயிற்றில் கட்டிய பேனாவும் வெற்றுத் தந்திப் பாரங்களும் இருந்தன. ஒரு பாரத்தை எடுத்தேன். மாமாவின் திருச்சி விலாசத்தை அப்படியே பார்த்து எழுதினேன். சிஸ்டர் என்று எழுதினேன். அடுத்து ரெஸ்பயர்ஸ். மற்ற இரண்டு சொல்லையும் மாற்றவில்லை. டீச்சர் கேட்டபடி எழுத்து அன்றைக்குத்தான் குண்டாக வந்தது. கிளார்க் எழுதிய தாளைச் சுருட்டிப் பாவாடை இடுப்பில் செருகினேன்.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “என்ன பாப்பா இது? சீரியஸ்னுதான எழுதுவாக. இப்படி யாரும் எழுத மாட்டாகளே.”

“அப்படித்தான் எழுதச் சொன்னாக.”

“யாரு?”

“எங்க அத்தை.”

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு சொற்களை எண்ணினார். பின்னால் தந்திக் கருவி கட்டுக்கட என்று தட்டும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து இடுப்பைத் தடவினால் அந்தத் தாள் இல்லை. எங்கே விழுந்தது, யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. வெகுநாள் தெருவில் எந்தக் காகிதம் கிடந்தாலும் காலால் திருப்பிப் பார்ப்பேன்.

பதினோரு மணிக்கு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். நான் எழுதியது ஒன்றும் செய்யவில்லை. மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, பூச்சூட்டி வடக்கே பார்க்க உட்காரவைத்த மாதிரி சாய்த்திருந்தார்கள். கூட்டம் சேர்ந்தது. ஒரு மூலையில் துணிச் சுருளுக்குள் தங்கச்சி கத்திக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது. “அண்ணன்காரன் தந்தி பாத்ததும் கெளம்பியிருப்பான். கோடி எடுத்துக்கிட்டு நாலு மணிக்குள்ள வந்துருவான். பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துரலாம்.”

கோடி என்பது பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டிய புதுச்சேலை. அதைப் போர்த்தாமல் அம்மாவை எடுக்க மாட்டார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மாமா கோடி கொண்டுவர மாட்டார். அவர் கையில் இருக்கும் தந்தியில் அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். திருச்சியிலிருந்து காரைக்குடி வரை பஸ்ஸில் அம்மா உயிரோடு வருகிறாள். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இன்னும் தங்கச்சி இருக்கிறாள், அதுவும் என்னால்.

யாருக்கும் சொல்லாமல் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். தெருமுனைக்கு அவர் வந்து கூட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும். வெயிலில் மூன்று பஸ் வந்து போனது. நாலாவதில் மாமா இறங்கினார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வாடா தாயி! ஆபீசுல பெரியவரு படிச்சுச் சொன்னாரு, மூச்சு இருக்கு, பொழைச்சுக்கிட்டான்னு. ஒங்க அம்மா எப்படி இருக்கா? ஏதும் சாப்பிட்டாளா?”

எங்கள் வீட்டுச் சொற்களையெல்லாம் தேடினேன். நிறைஞ்சுபோச்சு என்று சொல்லவா? குளிர்ந்துபோச்சு என்று சொல்லவா? ஒன்றும் உதவவில்லை. பன்னிரண்டு வயதுவரை என் வாயில் வராத சொல், அத்தை கை ஓங்குகிற சொல், அந்தப் பஸ் ஸ்டாண்டில் வந்தது.

“அம்மா செத்துப்போச்சு மாமா.”

பை கீழே விழுந்தது. பழங்கள் பஸ் சக்கரம்வரை உருண்டு ஓடின. மாமா அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். ஏன் பொறுக்கினார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. பாதி பொறுக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் முதல் கேள்வியே கோடிதான். வெறும் ஆரஞ்சுப் பையோடு நின்ற மாமாவைப் பார்த்துக் கூட்டம் முணுமுணுத்தது. தங்கச்சி சாவுக்குப் பழம் வாங்கி வந்தவன் என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். மாமா சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்து நீட்டினார். ரயில்வே கிளார்க் வாங்கிப் பார்த்தார்.

“நான் இப்படி எழுதலையே! எவன்யா மாத்துனது? தந்தியாபீசுல போயிக் கேட்டுப்புடுவோம், வாங்கய்யா.”

கவுண்டர்க்காரர் என்ன சொல்வார்? அத்தை எழுதச் சொன்னாக என்று ஒரு பாப்பா வந்து சொன்னது என்பார். கிளார்க் வாசற்படி இறங்கிவிட்டார். அப்போது அம்மாவின் கால்மாட்டிலிருந்து அத்தை எழுந்தாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் பாவாடை இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“எங்குட்டும் போக வேணாம்” என்றாள். “நான்தான் மாத்திக் குடுக்கச் சொன்னேன். வழியில பதறாம வரட்டும்னு.”

கூட்டம் அவள்மேல் திரும்பியது. தாலியறுத்தவளுக்கு இந்த வேலை எதற்கு என்றார்கள். மாமா சாகும்வரை அத்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தை உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில் அம்மா கட்ட வேண்டுமென்று வாங்கி வைத்திருந்த அரக்குச் சேலை, மடிப்புக் கலையாமல் இருந்தது. கொண்டுவந்து மாமா கையில் வைத்தாள். “ஒங்க வீட்டுக் கோடியாவே போத்துங்க” என்றாள்.

தங்கச்சியை வளர்த்ததும் அத்தைதான், என்னைக் காலேஜுக்கு அனுப்பச் சொல்லி அப்பாவோடு மல்லுக்கட்டியதும் அவள்தான். எண்பது தாண்டும்வரை இருந்தாள். அத்தனை வருஷமும் அவள் இருமினால் என் வேலை நின்றுவிடும். நான் இங்கிலீஷில் பட்டம் வாங்கி, முப்பது வருஷம் அதையே சொல்லிக் கொடுத்தவள். சொல்லுக்கு அர்த்தம் மட்டும்தான் உண்டு, பல் கிடையாது என்று வகுப்பில் சொல்வேன். வீட்டுக்கு வந்து அவள் மூச்சை எண்ணுவேன்.

அதற்குக் காரணம் அம்மாவின் காரியம் முடிந்த மத்தியானம் நடந்தது. உறவெல்லாம் கிளம்பிவிட்டார்கள். அத்தை என் நோட்டை எடுத்துக்கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் தங்கச்சி தூங்கினாள்.

“தந்தியில என்னத்தா எழுதுன?”

“மூச்சு விடுறாகன்னு.”

நோட்டைப் பிரித்தாள். அந்த நாலு பக்கத்தையும் விரலால் தடவினாள். “இதும் அதுதானா? ஒண்ணு போலயே இருக்கு.”

“ஆமா அத்தை.”

“ஆருக்கு?”

எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. டப்பா, சீட்டு, வீங்கின உதடு, முதலில் அவளைப் பற்றி எழுதியது, இருமல், பயந்துபோய் நூற்றெட்டுத் தடவை மாற்றி எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

“எதுக்குடி மாத்துன? அப்படியே விட்டிருந்தா நான் முந்தியிருப்பேன்ல.”